நாற்பதாவது படம்

"இது யாருங்க, சொல்லுங்க பாக்கலாம்" என்று கேட்டாள் நர்ஸ் ஜெனிட்டா.

திரையில் பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண், ஏதோ கல்யாண வீட்டு வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். பூபதி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அவர் தலையில் மீன்வலை மாதிரி ஒரு தொப்பி. அதிலிருந்து கிளம்பிய மெல்லிய கம்பிகள் சுவரில் இருந்த இன்னொரு திரைக்குப் போயின. அந்தத் திரை இருட்டாக இருந்தது. அவர் ஒன்றை நினைத்துக்கொண்டால் அதில் ஓர் ஒளிப்புள்ளி தோன்ற வேண்டும்.

"அவரு தங்கச்சிங்க. பத்மா. பொள்ளாச்சியில குடுத்திருக்குது" என்றாள் பக்கத்தில் இருந்த கோகிலவாணி.

"அக்கா, நான் அவரைத்தான் கேட்டேன்."

"அவரு அதத்தான் சொல்ல வந்தாருங்க."

ஜெனிட்டா அடுத்த படத்தைப் போட்டாள். நீல நிறப் பெயர்ப்பலகையுடன் ஒரு கடை.

"எங்க கடைங்க. கணபதியில, மெயின் ரோட்டு மேலயே. பம்ப் செட், மோட்டார் எல்லாம்..."

"அக்கா."

கோகிலவாணி வாயைப் பொத்திக்கொண்டாள். பூபதிக்குச் சிரிப்பு வந்தது. "கல்யாணமானதுல இருந்து இப்படித்தாங்க. டாக்டர் என்னைய நாக்க நீட்டச் சொன்னா, இவ நீட்டுவா."

மூன்றாவது படத்துக்கும் அவளே பதில் சொன்னாள். ஜெனிட்டா எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்தாள். கோபமில்லாமல், சிரித்த முகத்தோடுதான். ஒத்திகைக்கே இப்படியென்றால் ஊசி போடும் நாட்களில் கோகிலவாணி அறைக்குள் இருக்கக் கூடாது என்று அப்போதே முடிவாகிவிட்டது.

டாக்டர் நஸ்ரின் தன் அறையில் அவளையும் மகள் தாரணியையும் உட்கார வைத்துப் பேசினார்.

"உடம்புல கிருமி புகுந்தா ரத்தத்துல இருக்கற வெள்ளை அணுக்கள் போய்ச் சண்டை போடும். மூளைக்குள்ள அதுங்க அவ்வளவு சுலபமா நுழைய முடியாது. அதனால அங்க காவலுக்குன்னே தனியா சில செல்கள் இருக்கு. மைக்ரோக்ளியான்னு பேரு. சின்னச் சின்ன கையை நீட்டி, சுத்தியிருக்கற ஒவ்வொண்ணையும் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டே இருக்கும். குப்பை, செத்துப்போன செல், கிருமி எது கிடைச்சாலும் தின்னுடும்."

"காவலும் பாத்து, வாசலும் கூட்டுதுங்களா?" என்றாள் கோகிலவாணி.

"அதேதான். இன்னொரு வேலையும் செய்யும். குழந்தையோட மூளையில தேவைக்கு மேல இணைப்புகள் இருக்கும். உபயோகத்துல இல்லாததைத் தின்னு, மத்ததுக்கு இடம் பண்ணிக் கொடுக்கும். உங்க வீட்டுக்காரருக்கு இந்தக் காவல்காரங்க சோர்ந்து போயிட்டாங்க. குப்பை சேர்ந்துபோச்சு. அதான் மறதி. நாம போடற ஊசி அவங்களை எழுப்பும்."

"அப்பறம் என்னங்க, எழுப்பிருங்க."

டாக்டர் சற்றுத் தயங்கினார். "பசியோட எழுந்திருப்பாங்கம்மா. குப்பையையும் தின்பாங்க, பலவீனமான இணைப்பையும் தின்பாங்க. அதனால ஊசி வேலை செய்யற மூணு நாளும், எதெல்லாம் அவருக்கு வேணுமோ அதையெல்லாம் அவர் திரும்பத் திரும்ப நினைக்கணும். நினைக்கறப்ப அந்த இணைப்பு விழிச்சுக்கும். ஜெனிட்டா ஒரு பட்டனை அழுத்தினா, அது மேல 'என்னைத் தின்னாதே'ன்னு ஓர் அடையாளம் விழுந்துடும். நர்ஸுங்க அதைக் காப்புன்னு சொல்வாங்க."

கோகிலவாணிக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. பொங்கலுக்கு முந்தின நாள் வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சேர்த்து வாசல் வாசலாகச் செருகுகிற காப்புக் கட்டுத்தான். வாசலுக்கு, மாட்டுக் கொட்டகைக்கு, கிணற்றடிக்கு, கடையில் இருக்கும் மோட்டாருக்கு. ஒரு இடம் விடக் கூடாது.

"நாற்பது படம் கொண்டு வாங்க" என்றார் டாக்டர். "அதுக்கு மேல போனா அவர் களைச்சுடுவார். களைச்சா காப்பு எதுலயும் சரியா பிடிக்காது."

அன்று சாயங்காலமே அம்மாவும் மகளும் ஹாலில் உட்கார்ந்து படங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். சுவர்த்திரை முழுக்க ஒரு மனிதனின் வாழ்க்கை இறைந்து கிடந்தது. பூபதியின் அம்மா. தாரணி பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாள். அவர் கையால் வைண்டிங் கட்டிய முதல் மோட்டார். வளர்த்த நாய். எலும்பு முறிவு பார்த்த சிங்காநல்லூர் வைத்தியர் வரை கோகிலவாணி மறக்கவில்லை. முப்பத்தொன்பது சேர்ந்த பிறகு இரண்டு படங்கள் மிஞ்சின.

ஒன்று கோகிலவாணி மணப்பெண்ணாகத் தனியே நின்று எடுத்துக்கொண்டது. அரக்குப் பட்டு, தலை நிறைய முல்லை, கண்ணில் கொஞ்சம் பயம். இன்னொன்று மயில்சாமி. பூபதியின் பழைய கூட்டாளி. வைண்டிங் மிஷினைக் கடனாக வாங்கிப் போய்த் திருப்பித் தராமல், அதனால் பேச்சு வார்த்தை அறுந்து போனவர்.

"இவரு எதுக்கும்மா? அப்பா தினமும் இவரத் திட்டுவாரு."

"அதுக்குத்தான் கண்ணு. காலையில காபி குடிச்சதும் மயில்சாமியத் திட்டாட்டி உங்கப்பாவுக்குப் பொழுதே போகாது. அவன மறந்து போச்சுன்னா யாரத் திட்டுவாரு? என்னையத்தான்."

"அப்ப உன் படம்?"

"நான் என்ன போட்டாவுலயா இருக்கறேன். கூடவேதான இருக்கறேன்" என்று சொல்லி, தன் படத்தை விரலால் ஓரமாகத் தள்ளிவிட்டாள்.

தாரணிக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அம்மாவை யாராவது மறப்பார்களா?

மூன்று நாளும் கோகிலவாணி கண்ணாடிக்கு வெளியே பெஞ்சில் இருந்தாள். உள்ளே இருப்பவர்கள் பேசுவது கேட்காது. அவருடைய முதுகும் படம் காட்டும் திரையும் அந்த இருட்டுத் திரையும் தெரியும். ஒவ்வொரு படத்துக்கும் அவர் ஏதோ சொல்வார். திரையில் ஒரு புள்ளி மினுங்கும். கார்த்திகைக்கு வாசலில் ஒவ்வொரு அகலாக ஏற்றுவது மாதிரி இருந்தது. மயில்சாமி படத்துக்குப் பெரிய வெளிச்சம் வந்தது. பார்த்தீர்களா என்பது போல அவள் பக்கத்தில் இருந்த யாரோ ஒரு நோயாளியின் மாமியாரிடம் பெருமையாகத் தலையாட்டினாள்.

நான்காம் நாள் காலை அவரைப் பார்க்க எல்லோரையும் விட்டார்கள். பூபதியின் கண்ணில் இரண்டு வருடமாக இருந்த புகை விலகியிருந்தது. மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தலை வாரியிருக்கிற அழகைக் கிண்டல் செய்தார். பத்மாவிடம் பொள்ளாச்சித் தோப்பில் எந்தக் கிணற்றில் தண்ணீர் வற்றியது என்று கேட்டார். கோகிலவாணி சொல்லி அனுப்பியதால் வந்து கதவோரமாக நின்ற மயில்சாமியைப் பார்த்ததும் குரல் உயர்ந்தது.

"ஏன்டா, என்ற மிஷினக் கொண்டு வந்தயா, இல்ல சும்மா கைய வீசிட்டு வந்தயா?"

மயில்சாமி அழுதே விட்டார். அறை முழுக்கச் சிரித்தது. கோகிலவாணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கட்டில் அருகே போனாள்.

பூபதி அவள் பக்கம் திரும்பினார். "சிஸ்டருங்களா, கொஞ்சம் சுடுதண்ணி கெடைக்குமுங்களா?"

அவள் சிரித்தாள். இந்த மனுசனுக்குக் குசும்பும் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு பிளாஸ்க்கிலிருந்து ஊற்றிக் கொடுத்தாள். அவர் வாங்கி, ஊதி ஊதிக் குடித்துவிட்டு, டம்ளரை இரண்டு கையாலும் திருப்பித் தந்தார்.

"ரொம்ப நன்றிங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளுக்கு நன்றி சொன்னதில்லை. டம்ளரைப் பிடித்த அவள் கை அங்கேயே நின்றது.

"எப்படிங்க? எல்லாரையும் தெரியுது. பத்மா தோட்டத்துக் கெணறு தெரியுது" என்றாள் கோகிலவாணி. டாக்டர் நஸ்ரினின் மேஜையில் இருந்த காகித எடையை அவள் கை உருட்டிக்கொண்டே இருந்தது.

"மத்தவங்க எல்லாரும் அவர் மனசுல ஒவ்வொரு இடத்துல நடுவுல இருந்தாங்கம்மா. நீங்க எல்லா ஞாபகத்துலயும் இருந்தீங்க, ஆனா ஓரத்துல. கடை ஞாபகத்துல சாப்பாடு கொண்டு வந்தவங்களா. மகளோட ஞாபகத்துல அவளைத் தூக்கிட்டு நின்னவங்களா. இந்தச் செல்கள் ஓரத்துல இருந்துதான் தின்ன ஆரம்பிக்கும்."

தாரணி கோபத்தில் எழுந்துவிட்டாள். "இத நீங்க முன்னாடியே சொல்லோணுமில்லைங்களா?"

"சொல்லியிருக்கணும்" என்றார் டாக்டர். "நாற்பது படத்தையும் நானேதான் சரி பார்த்தேன். உங்க அம்மா படம் இல்லைங்கறது எனக்கும் தோணலை. அவங்க என் எதிர்லயே உக்காந்திருந்தாங்க."

தாரணி மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகு எல்லாம் சொல்லிப் பார்த்தார்கள். கல்யாணப் பத்திரிகை, ரேஷன் கார்டு, பத்மாவின் சத்தியம். பூபதி எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு "அப்படிங்களா" என்றார். மறுநாள் சமையலறை வாசலில் வந்து நின்று, உள்ளே வராமல், தணிந்த குரலில் பேசினார்.

"அம்மா இல்லாத ஏக்கத்துல புள்ள ஏதோ சொல்லுதுங்க. நீங்க தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்குச் சங்கடமா இருந்தா நான் கண்டிச்சு வெக்கறேன்."

மகள் இருக்கிறாள் என்றால் மனைவி இருந்திருக்க வேண்டும். இப்போது ஞாபகத்தில் இல்லை என்றால் செத்துப் போயிருக்க வேண்டும். அவர் மனம் அந்தக் கணக்கைத் தானாகப் போட்டு முடித்துவிட்டது. ஹாலில் பாய் போட்டுப் படுத்தார். கடைக்குப் போனார், மோட்டார் பிரித்தார், மயில்சாமியைத் திட்டினார். எல்லாம் பழையபடி நடந்தது. அவள் தட்டில் சோறு வைக்கும்போது மட்டும், "போதுமுங்க, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றார்.

கோகிலவாணிக்குப் பேச்சு குறைந்து போனது. "ஏனுங்க" என்று கூப்பிட வாய் வரும். அந்த "ஏனுங்க"வுக்கு அவர் ஒரு விருந்தாளியைப் போலத் திரும்பிப் பார்ப்பார். அதைப் பார்ப்பதைவிடக் கூப்பிடாமலே இருந்துவிடலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பூண்டு உரித்துக்கொண்டிருக்கும்போது அவர் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"என்ற சம்சாரத்து முகம் வரவே மாட்டேங்குதுங்க. நாய் முகம் கூட வருது. கூட வாழ்ந்தவ முகம் வர்லைன்னா நான் எப்பேர்ப்பட்ட ஆளா இருந்திருப்பேன்?"

அவள் தலை நிமிரவில்லை. "நல்லவராத்தான் இருந்திருப்பீங்க."

"அவளும் நல்லவதானுங்க. வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி இருந்திருக்கும்னு நெனைக்கறேன்."

"அது எப்படித் தெரியும்?"

"வூடு இத்தன அமைதியா இருக்கறது எனக்குப் பழக்கமில்லாத மாதிரியே இருக்குதுங்க" என்றார் பூபதி.

அவள் எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் அழுதாள்.

ஆறு மாதம் கழித்து இரண்டாவது ஊசி. போடாவிட்டால் காவல் செல்கள் மறுபடி சோர்ந்துபோகும், ஒரு வருடத்துக்குள் மகளும் போவாள், கடையும் போகும், சோற்றை விழுங்கத் தெரிவதும் போகும் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"இந்தத் தடவை என்ற படத்த வெச்சா அவருக்குத் திரும்ப வருமுங்களா?"

"தின்னது திரும்ப வராதும்மா. இப்ப அவர்கிட்ட என்ன இருக்கோ அதுக்குத்தான் காப்பு போட முடியும். அவர் மனசுல இன்னைக்கு நீங்க யாரோ, அதுவே நிலைச்சுடும்."

"தள்ளிப் போடலாமுங்களா? அவரு நம்பற வரைக்கும்?"

டாக்டர் இல்லையென்று தலையாட்டினார்.

மீதியிருந்த நாட்களில் தாரணி அப்பாவை உட்கார வைத்துப் பழக்கினாள். மணப்பெண் படத்தைக் காட்டி, அம்மாவைப் பக்கத்தில் நிறுத்தி, "ரெண்டும் ஒண்ணுதான்ப்பா, பாருங்க, இந்த மச்சம் பாருங்க" என்பாள். பூபதி நல்ல மாணவனைப் போல ஒப்பித்தார். "இவங்கதான் கோகிலவாணி. என்ற சம்சாரம்." சொல்லி முடித்ததும் சரியா என்று மகள் முகத்தைப் பார்ப்பார். பிறகு கோகிலவாணி பக்கம் திரும்பி, ஒரு மன்னிப்புச் சிரிப்பு சிரிப்பார்.

இந்த முறை அவளை அறைக்குள் விட்டார்கள். வாய் திறக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. அவருக்கு எதிரே, திரைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டார்கள். படத்தையும் பார்க்க வேண்டும், அவளையும் பார்க்க வேண்டும். அப்போது இரண்டும் ஒரே வெளிச்சமாகச் சேர்ந்துகொள்ளும் என்பது டாக்டரின் நம்பிக்கை. அவருடைய அம்மா, மகள், கடை, நாய், மயில்சாமி எல்லாம் வந்து போயின. எலும்பு வைத்தியரை எடுத்துவிட்டு நாற்பதாவது இடத்தில் மணப்பெண்ணை வைத்திருந்தார்கள்.

"இது யாருங்க?" என்றாள் ஜெனிட்டா.

"இவங்கதான் கோகிலவாணி. என்ற சம்சாரம்."

திரையில் வெளிச்சமே வரவில்லை. வெறும் மனப்பாடம்.

"அவசரமில்லைங்க. நல்லாப் பாருங்க."

அவர் பார்த்தார். அரக்குப் பட்டு. தலை நிறைய முல்லை. பயந்த கண். பார்க்கப் பார்க்க அவர் முகம் மாறியது. கை தானாக எழுந்து திரையை நோக்கிப் போனது.

"இந்தப் புள்ளதான் என்ற சம்சாரமுங்க" என்றார். இது ஒப்பித்த குரலில்லை. "இத்தன நாள் முகமே இல்லாம இருந்துது. இதுதான் அவ. போயிட்டாளுங்க. நான் பாக்கறதுக்குள்ள போயிட்டா."

இருட்டுத் திரையில் ஒரு வெளிச்சம் பூத்தது. மகளுக்கு வந்ததைவிட, மயில்சாமிக்கு வந்ததைவிடப் பெரியது.

ஜெனிட்டாவின் விரல் பட்டனுக்கு மேலே நின்றது. அவள் கோகிலவாணியைப் பார்த்தாள். அழுத்தினால் இதுதான் நிலைக்கும். அழுத்தாவிட்டால் இன்று கிடைத்த இந்த முகத்தையும் அந்தச் செல்கள் தின்றுவிடும்.

வாழ்நாள் முழுக்க அவர் பேசுவதற்கு முன்பே பதில் சொன்னவள். நான் போகலைங்க, இங்கதான் இருக்கறேன் என்று ஒரே ஒரு வாக்கியம். தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் அவர் அப்படிங்களா என்பார். வெளிச்சம் அணைந்துவிடும்.

அவள் தலையசைத்தாள். ஜெனிட்டா அழுத்தினாள்.

பூபதி சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கோகிலவாணி பக்கம் திரும்பினார். "மன்னிச்சுக்கோங்க. உங்களையும் அழ வெச்சுட்டேன்." பிறகு ஜெனிட்டாவிடம் சொன்னார். "இவங்கதாங்க எங்களப் பாத்துக்கறாங்க. இவங்க இல்லைன்னா எங்க வூடு ஒருநாள் நடக்காது."

திரையில் இன்னொரு புள்ளி மெதுவாக எழுந்து நின்றது. ஜெனிட்டா இந்த முறை யாரையும் கேட்காமல் அழுத்தினாள். இரண்டு வெளிச்சங்கள். நடுவில் நான்கு விரல் அகலத்துக்கு இருட்டு.

அந்த மணப்பெண் படத்தை அவர் பெரிதாகச் சட்டம் போட்டுக் கொண்டு வந்து ஹாலில் மாட்டினார். குங்குமம் வைத்தார். மாலை போடக் கையைத் தூக்கியபோது தாரணி பதறிப்போய்ப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்ப்பா. அம்மா உசுரோட..."

"தாரணி" என்றாள் கோகிலவாணி உள்ளேயிருந்து. "விடு கண்ணு. போடட்டும்."

தாரணி அம்மாவைப் பார்த்துவிட்டு, வெளியே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு யாரும் அவரிடம் எதையும் சொல்லி நிரூபிக்கவில்லை. தினமும் சாயங்காலம் கடையிலிருந்து வரும்போது முல்லைப்பூ வாங்கி வந்தார். செருப்பைக் கழற்றியதும் நேராகப் படத்துக்கு வைப்பார். ஒரு நாள் சரம் நீளமாக இருந்தது. வைத்தது போக ஒரு சாண் மிச்சம். அதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றவர், சமையலறை வாசலுக்கு வந்தார்.

"கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க. உங்க வீட்டுக்காரரு..."

"இருக்காருங்க" என்றாள் கோகிலவாணி.

"அப்ப இத நீங்க வெச்சுக்கலாம்" என்று நிம்மதியாக நீட்டினார். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். அவர் உடனே போகவில்லை.

"நல்லாப் பாத்துக்கறாருங்களா?"

எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு பதில் சொல்கிறவள் இதற்கு யோசித்தாள். பூவைப் பின்னலில் செருகிக்கொள்ளும் வரைக்கும் யோசித்தாள்.

"இத்தன வருசமா ஒண்ணும் வாங்கியாந்ததில்லீங்க" என்றாள். "இப்பத்தான் பூ வாங்கிட்டு வர்றாரு."

"பரவால்லீங்களே" என்றார் பூபதி, அவளுக்காக உண்மையாகவே சந்தோஷப்பட்டு. பிறகு ஹாலுக்குப் போய், படத்தில் சற்றுச் சாய்ந்திருந்த சரத்தை நேராக்கினார்.